மீன்பெட்டியிலிருந்து கூரைக்கு: கழிவு ரெஜிபோமைக் கொண்டு வீட்டு வெக்கையைக் குறைக்கும் வழி

வாழைச்சேனைத் துறைமுகத்துப் பக்கமோ கல்முனை மீன்சந்தைக்குப் பின்னாலோ காலை பத்து மணிக்கு மேல் போனால், மூலை உடைந்த வெள்ளைப் பெட்டிகள் கிடப்பதைக் காணலாம். ஐஸ் உருகி, மீன் விலைபோய், பெட்டி மட்டும் மிஞ்சியிருக்கும். குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் வாங்கிப் போகிறவர்கள் அட்டையை எதற்காவது எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருந்த வெள்ளைக் கட்டி வேலியோரம் போகிறது. அதே ஊரில், அதே நாள் மத்தியானம், தகரக் கூரையின் கீழ் இருக்க முடியாமல் ஒருவர் கதிரையை மாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போகிறார். அந்தக் கட்டியை அவருடைய கூரைக்குக் கொண்டுபோகும் வேலையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ரெஜிபோம் என்று நாம் சொல்லும் அந்த வெள்ளைக் கட்டியில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. மிச்சம் இரண்டு பங்குதான் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அந்தக் காற்று சின்னச் சின்ன அறைகளில் அசையாமல் அடைபட்டிருப்பதால் வெப்பம் அதைக் கடக்கச் சிரமப்படுகிறது. ஓரங்குல ரெஜிபோம் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க ஏறத்தாழ 40 அங்குலக் கொங்கிறீற் வேண்டும். ஆகவே நமக்குத் தேவை அந்தக் காற்று. பிளாஸ்டிக் அதை வைத்திருக்கும் பாத்திரம் மட்டுமே. ரெஜிபோமைப் பெற்றோலில் கரைத்துப் பசையாக்குகிறவர்களும், சட்டியில் உருக்கிக் கட்டியாக்குகிறவர்களும் பாலைக் கொட்டிவிட்டுச் செம்பைக் கழுவி வைக்கிறார்கள். அந்தப் புகை நெஞ்சுக்கும் கேடு. இந்த வழிகாட்டியில் உருக்குவதும் இல்லை, கரைப்பதும் இல்லை. சீற், தகரக் கூரை வீட்டில் தகடாக வெட்டிச் சீலிங்கின் மேல் பரப்புவது ஒரு வழி; சிலாப் எனப்படும் கொங்கிறீற் தட்டுக் கூரையில் மணிகளாக்கிச் சீமெந்தோடு கலந்து மேலே போடுவது இன்னொரு வழி.

இலங்கையில் 2017 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குத் தடை இருக்கிறது. மீன்பெட்டியும் பொதி கட்டும் கட்டியும் அந்தத் தடைக்குள் வரவில்லை. அவை போய்ச் சேரும் குப்பைமேடுகளில் என்ன நடக்கிறது என்பதற்கு அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டைப் பார்த்தால் போதும். அங்கே குப்பையோடு பிளாஸ்டிக்கையும் தின்ற யானைகள் எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வந்தன.

எதை எடுப்பது, எதை விடுவது

கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். 'படக்' என்று முறிந்து, முறிந்த இடத்தில் சவ்வரிசி போன்ற மணிகள் தெரிந்தால் அதுதான் நமக்கு வேண்டிய சரக்கு. முக்கோணத்துக்குள் 6 என்ற இலக்கம் இருந்தால் சந்தேகமே இல்லை. முறியாமல் வளைந்து கொடுக்கும் மென்மையான நுரைத்தாள் பொலித்தீன் இனம். சீமெந்துக் கலவைக்கு அது ஆகாது. பழைய குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நுரையைத் தொடவே வேண்டாம். அது பொலியூரித்தேன், எரிந்தால் சயனைட் வாயு கிளம்பும்.

இடித்த கட்டடங்களிலிருந்து வரும் பழைய நுரைத்தகடுகளையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் தீத்தடுப்புக்காக முன்னர் சேர்த்த ஓர் இரசாயனம் 2013இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. பொதி கட்டும் ரெஜிபோமில் பெரும்பாலும் அது இருக்காது. அது ஒரு வகையில் நல்லது, இன்னொரு வகையில் ஆபத்து. தீயைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

எவ்வளவு வேண்டும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றின் மேல் இரண்டு அங்குலம் பரப்ப, அரைக் கனமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவை. நிறுத்துப் பார்த்தால் பத்துக் கிலோதான்! ஓரங்குலச் சுவருள்ள நடுத்தர மீன்பெட்டி என்றால், வெட்டுச் சேதாரத்தையும் சேர்த்து முப்பது பெட்டி வரும். நிறை இல்லாததால் பழைய சாமான் எடுப்பவர் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. லாண்ட்மாஸ்டர் பெட்டி நிறைய ஏற்றினாலும் கூலிக்குக் கட்டாது. அதனால் தூரத்திலிருந்து கொண்டுவர நினைக்காதீர்கள். வீட்டுக்கு இரண்டு மைலுக்குள் கிடைப்பதை ஒரு மாதம் சேர்த்தால் போதும். சேர்ப்பதை உரப்பைகளில் கட்டி நிழலில் வையுங்கள். மாதக்கணக்கில் வெயில் பட்டால் மேற்பரப்பு மஞ்சளாகித் தூளாக உதிரும்.

கழுவுதல்: வாடைக்கு அல்ல, உப்புக்கு

மீன்வாடை போவதற்காகத்தான் கழுவுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். வாடையை விடப் பெரிய எதிரி உப்பு. மீன்பெட்டியின் கண்ணறைகளில் தங்கிய உப்பு சீமெந்துக்குள் போனால் கீழே சிலாப்பில் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். தகரத்துக்கு அருகில் இருந்தால் ஆணி முதலில் போகும். நமது கரையோர வீடுகளில் கடற்காற்றே போதிய அளவு துருவைக் கொடுக்கிறது, நாமும் சேர்ந்து கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டி கிடைத்த அன்றே சவர்க்காரத் தூளும் தும்புக்கட்டையும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி இன்னோர் இரவு. முதல் கழுவலுக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசலுக்கும், பின்னால் வரும் கலவைக்கும் குடிக்கக்கூடிய தண்ணீர்தான். வாவித் தண்ணீர் எதற்கும் வேண்டாம். கொதிநீரும் வேண்டாம், பெட்டி கோணும்.

வாடைக்குத் தேசிக்காய்த் தோலால் தேய்க்கச் சொல்லி ஒரு யோசனை உலவுகிறது. சட்டிக்கு அது சரி. ரெஜிபோமை அந்தத் தோலின் எண்ணெய் அரித்துக் குழி போடும். நம்பாவிட்டால் ஒரு துண்டில் தோலைப் பிழிந்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். சவர்க்காரமும் இரண்டு நாள் காற்றும் செய்யாததை எந்தத் தோலும் செய்யப்போவதில்லை.

கழுவியதை நிழலில் உலர்த்தித் தரம் பிரியுங்கள். தட்டையான பக்கங்கள் ஒரு குவியல். மூலை, உடைசல், தொலைக்காட்சியைத் தாங்கிய கோணல் கட்டிகள் இன்னொரு குவியல். முதலாவது சீற் கூரைக்கும் தகரக் கூரைக்கும் போகிறது, இரண்டாவது சிலாப் கூரைக்கு. முடிந்தவரை முதல் வழியையே தேர்ந்தெடுங்கள். தகடாக வைத்ததை நாளைக்குக் கழற்றி வேறு வீட்டில் வைக்கலாம். சீமெந்தோடு கலந்ததை யாராலும் பிரிக்க முடியாது.

வெட்டுதல்

பல் நெருக்கமான வாள் போதும். நீளமான மெல்லிய கத்தியில் மெழுகுதிரியைத் தேய்த்துக்கொண்டால் இன்னும் சுகம். நிறைய வெட்ட வேண்டுமானால் நிக்குரோம் கம்பியை இரண்டு கட்டைகளுக்கு இடையே இழுத்துக் கட்டி, 12 வோல்ட் மின்கலத்தோடு இணைத்துச் சூட்டுக்கம்பி செய்துகொள்ளலாம். வீட்டு மின்சாரத்தோடு நேரே இணைப்பது உயிரோடு விளையாட்டு. திறந்தவெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வெட்ட வேண்டும். புகை தெரிந்தால் கம்பியின் சூடு அதிகம். கட்டி மெதுவாக, புகையில்லாமல் வழிவிட்டுப் பிரிய வேண்டும்.

வாளால் வெட்டுவதென்றால் மணிகள் பறக்கும். வைகாசி பிறந்தால் நமக்குக் கச்சான் காற்று. அதில் ஒரு பெட்டியை வெளியில் வைத்து அறுத்தால் மணிகள் பக்கத்து வீட்டு முற்றத்தையும் தாண்டி வாவிக்குப் போகும், அங்கே மீன் அதை இரையென்று விழுங்கும். பழைய நுளம்புவலை ஒன்றைக் கட்டி அதற்குள் இருந்து வெட்டுங்கள். பெட்டியின் மேல் சற்றுத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் மணிகள் கையிலும் சாரத்திலும் ஒட்டிக்கொண்டு திரிவது குறையும்.

சீற் கூரையும் தகரக் கூரையும்

என் முதல் முயற்சி ஆரையம்பதியில் மாமி வீட்டுத் தகரக் கூரையில். தகரத்தின் அடிப்பக்கத்தில் ரெஜிபோமை நேரே ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தளபாடத்துக்குப் பூசும் பசையைப் பூசினேன். அன்று பின்னேரமே பசை பட்ட இடமெல்லாம் கறையான் தின்றதுபோல் ஓட்டை. தப்பிய தகடுகளும் ஆவணி வெயிலில் தொய்ந்து விழுந்தன. "குப்பையைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டாய், மகன்" என்றார் மாமி. குற்றம் முழுக்க என்னுடையது. தின்னர் கலந்த எந்தப் பசையும், எந்த வண்ணப்பூச்சும் ரெஜிபோமைத் தின்னும். உச்சி வெயிலில் தகரம் 60, 70 பாகை செல்சியசைத் தொடும். ரெஜிபோமோ 80 பாகையை நெருங்கும்போதே தளரத் தொடங்கும்.

ஆகவே தகடு கூரையில் ஒட்டக்கூடாது, கீழே சீலிங்கின் மேல் கிடக்க வேண்டும். வரிசை இப்படி அமையட்டும்: மேலே கூரை, அதன் கீழ் காற்று போய்வரும் வெளி, பிறகு ரெஜிபோம் இரண்டு அடுக்கு, அடியில் சீமெந்து நார்த் தகட்டில் சீலிங். பிளாஸ்டிக் சீலிங் மலிவு, துடைக்கவும் இலகு. ஆனால் ரெஜிபோமுக்குக் கீழே அதை ஒருபோதும் போடாதீர்கள். காரணம் தீ.

வேலையைத் தொடங்குமுன் கூரையைச் சரிபாருங்கள். ஒழுக்கு இருந்தால் அடையுங்கள். சீற்றைப் பிடிக்கும் கொளுவி ஆணிகள் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீலிங் அடித்த பிறகு அந்த ஆணிகளைப் பார்க்கக் கிடைக்காது. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் துளைக்கவோ சுரண்டவோ உலர்ந்த தும்புக்கட்டையால் தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. இருப்பதை இருந்தபடி விட்டு, கீழே தனிச் சட்டம் கட்டுங்கள்.

சட்டத்தில் சீலிங் தகட்டை அடித்தபின் மேலிருந்து ரெஜிபோமைப் பரப்பிக்கொண்டு போங்கள். இரண்டு அடுக்கும் ஓரங்குலம். கீழடுக்கின் இணைப்பின் மேல் மேலடுக்கின் நடு வரவேண்டும், செங்கல் கட்டுவது போலத்தான். இடைவெளிகளில் வெட்டுத் துண்டுகளைச் செருகுங்கள். சிறு பொட்டுகள் வழியே போகும் வெக்கை முழு உழைப்பையும் கெடுக்கும் என்பதால் இங்கே பொறுமை வேண்டும். ஒட்டவே வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை.

மேலே காற்று வெளிக்கு இரண்டு பக்கச் சுவரிலும் துவாரம் விடுங்கள். துவாரத்துக்கு இரும்பு வலை கட்டாயம். அந்த வழியாக முதலில் எலி வரும், பிறகு எலியைத் தேடிப் பாம்பு வரும். மரநாய் வந்தால் ரெஜிபோமைப் பிய்த்து மெத்தை போட்டுக்கொள்ளும். எறும்பும் இதில் வளை தோண்டும், சீலிங் ஓரங்களைச் சாந்தால் அடைத்துவிடுங்கள். கையில் பணம் மிஞ்சினால் கைமரத்தின் அடியில் அலுமினியம் பூசிய தாளை, பளபளப்பு கீழ்நோக்கி இருக்கும்படி இழுத்து அடியுங்கள். மேல்நோக்கி வைத்தால் ஒரு வருடத்தில் தூசு படிந்து வெறும் தாளாகிவிடும்.

மின்கம்பிகளைப் பற்றி மின்வேலை செய்பவர்களிலேயே சிலருக்குத் தெரியாத ஒன்று: பிவிசி உறையுள்ள கம்பி ரெஜிபோமில் பட்டுக்கொண்டிருந்தால், உறையை மென்மையாக வைத்திருக்கும் பொருள் மெல்ல ரெஜிபோமுக்குள் போய்விடும். சில ஆண்டுகளில் உறை விறைத்து வெடிக்கும். கம்பிகளைக் குழாய்க்குள் விட்டு, ரெஜிபோமில் படாமல் மேலே தூக்கிக் கட்டுங்கள். சீலிங்கில் பதிக்கும் விளக்கைச் சுற்றி மூன்று அங்குலம் வெறுமையாக விடுங்கள்.

தீ

பொதி கட்டும் ரெஜிபோமில் தீத்தடுப்பு மருந்து இல்லை என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பற்றினால் உருகிச் சொட்டும், சொட்டும் துளியும் எரிந்துகொண்டே விழும். கரும்புகை ஒரு நிமிடத்தில் அறையை நிறைக்கும். இதனால்தான் ரெஜிபோம் எங்கும் கண்ணில் படக்கூடாது என்கிறேன்: கீழே சீமெந்துத் தகடு, ஓரங்களில் சாந்து, எட்டிப் பார்க்கும் வாசலுக்கும் மூடி. குசினிக்கு மேலே போடவே வேண்டாம், விறகடுப்பு என்றாலும் காஸ் என்றாலும். சாமியறையில் தூண்டாமணி விளக்கு உயரத்தில் தொங்கினால் அந்த அறையையும் விட்டுவிடுங்கள். வெல்டிங் வேலை இருந்தால் ரெஜிபோம் வீட்டுக்குள் வருமுன்பே முடியட்டும். சேர்த்து வைத்த உரப்பைகளுக்குப் பக்கத்தில் குப்பை கொளுத்துகிறவர்களுக்கும் பீடி பற்றவைப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சிலாப் கூரை: சீமெந்தும் மணிகளும்

சிலாப் வீட்டில் வெக்கை வேறு மாதிரி. பகலெல்லாம் சூட்டைக் குடித்த கொங்கிறீற் இரவு பத்து மணிக்கு அதைக் கக்கும். தகரத்தின் கீழ் இருப்பவர் இரவில் தூங்குவார், சிலாப்பின் கீழ் இருப்பவர் விசிறியோடு சண்டை பிடிப்பார். வெயிலைச் சிலாப்புக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். அதற்கு மேலே மூன்று அங்குல ரெஜிபோம் கலவை, அதன் மேல் ஓரங்குலச் சாந்து.

முதலில் பாரம். மூன்று அங்குலக் கலவை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 45 கிலோ, மேல் சாந்து 50 கிலோ. சதுர அடிக்கு ஒன்பது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிலாப், விரிசல் கண்டது, சுனாமியில் அடிபட்ட வீடு என்றால் பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை தொடங்கவேண்டாம்.

உடைசல்களை மணிகளாக்கப் பலகை ஒன்றில் நெருக்கமாக ஆணி அடித்து, தேங்காய் துருவுவது போல் நனைத்துத் துருவுங்கள், நுளம்புவலைக்குள்தான். மணி மிளகுக்கும் கடலைக்கும் இடைப்பட்ட பருமனில் இருந்தால் நல்லது. தூளாகிவிட்டால் சீமெந்தை அதிகம் குடிக்கும்.

அளவு கனத்தில்தான், நிறையில் அல்ல. ஒரு வாளி சீமெந்துக்கு ஒரு வாளி ஆற்றுமணல், ஆறு வாளி மணி. ஒரு மூடை சீமெந்துக்கு இருபது லீற்றர் தண்ணீர் அளவில் பிடிக்கும். மேலே சொன்ன அதே அறைக்கு நான்கு அல்லது ஐந்து மூடையும், இருபத்தைந்து பெட்டியின் மணியும் வேண்டும். கடல்மணல் கூடாது, உப்பின் கதையை ஏற்கெனவே சொன்னேன்.

கலக்கும் ஒழுங்கில்தான் வெற்றியும் தோல்வியும். மேசன்மார் பழக்கப்படி மணலையும் சீமெந்தையும் கலந்து, மணியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றினால் மணியெல்லாம் மேலே மிதந்து அடியில் சாந்து தங்கும். மாற்றிச் செய்யுங்கள். முதலில் மணியைத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். பாதித் தண்ணீரில் முழுச் சீமெந்தையும் கரைத்துக் கூழாக்கி மணிமேல் ஊற்றிப் புரட்டுங்கள். வெள்ளை மறைந்து ஒவ்வொரு மணியும் சாம்பல் நிறம் போர்த்த பிறகு மணலைத் தூவி, மிச்சத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கையில் உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. அனுபவமுள்ள மேசன் முதலில் சிரிப்பார். ஒரு தாச்சி கலந்து காட்டிய பின் சிரிக்க மாட்டார்.

சிலாப்பைக் கழுவி, விரிசல்களை அடைத்து, நனைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போகும் பீலியை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு வரும்படி நூல் கட்டுங்கள். கலவையைப் பரப்பிப் பலகையால் அழுத்துங்கள். குத்தவோ அதிர்விக்கவோ வேண்டாம், மணி மேலே கிளம்பும். காலையிலோ வெயில் தாழ்ந்த பின்னரோ வேலை செய்து, ஈரச்சாக்கால் மூடுங்கள். இரண்டு நாள் கழித்துக் கோழிக்கூட்டு வலையை விரித்து, சீமெந்து ஒன்றுக்கு மணல் நான்கு என்ற சாந்தை ஓரங்குலம் பூசி, பத்தடிக்கு ஒரு வெட்டு விடுங்கள். ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். நீர்க்காப்புப் பூச்சு கடைசியில், தண்ணீரில் கரையும் வகை. தீச்சுடர் காட்டி ஒட்டும் தார்ச்சுருளைத் தவிர்க்கவும். ஐப்பசியில் மழை பிடிக்குமுன் எல்லாம் முடிந்து காய்ந்திருக்க வேண்டும், ஆவணிக்குள் தொடங்கிவிடுங்கள்.

இந்த மூன்று அங்குலக் கலவை, ஐந்து அங்குலச் சிலாப்பைப் போல் சுமார் ஐந்து மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். தனி ரெஜிபோம் தகட்டின் திறமையில் ஒரு சிறு பங்குதான் என்றாலும் அதன் மேல் நடக்கலாம், உடுப்புக் காயப்போடலாம், தீயும் இலகுவில் பிடிக்காது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ரெஜிபோம் மணிக் கலவையில் சுவர்த் தகடு செய்வது பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வீட்டில் கலந்ததைக் கொண்டு பாரம் தாங்கும் சுவர் கட்ட நினைக்காதீர்கள், அது ஆய்வுகூடத்தில் அழுத்திப் பார்த்துச் செய்யும் வேலை.

வேலை முடிந்ததும்

தொடங்குமுன்பே ஒரு வெப்பமானியைச் சீலிங்குக்கு மூன்றடி கீழே தொங்கவிட்டு, ஒரு வாரம் பின்னேரம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் எழுதி வையுங்கள். முடிந்த பிறகும் அதேபோல் ஒரு வாரம். காற்றின் சூடு சில பாகைதான் குறையும். தலையில் இறங்கும் அனல் நின்றுவிடுவதை உடம்பு முதலில் உணரும். இரவில் யன்னலைத் திறந்து வைக்காவிட்டால் உள்ளே புகுந்த சூடும் வெளியேறாமல் தங்கும், காப்பு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

முதல் பெருமழைக்குப் பின் சீலிங்கில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். கறை தெரிந்தால் அந்த இடத்துத் தகட்டைக் கழற்றிக் காயவைத்து, ஒழுக்கை அடைத்துத் திரும்ப வையுங்கள். வருடத்துக்கொரு முறை துவாரத்து வலையைத் தடவிப் பாருங்கள், மரநாய் பொறுமைசாலி. மிஞ்சிய மணியும் தூளும் கடைசிக் கலவையோடு போகட்டும். கலவை முடிந்திருந்தால் வாய் கட்டிய உரப்பையில் அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். உங்கள் கூரையைப் பார்த்தபின் அவரும் மீன்பெட்டி சேர்க்கத் தொடங்கியிருப்பார்.